காங்கேசன்துறை – நாகப்பட்டினம் கப்பலுக்கு ஒரு பழைய ஆசிரியை இடும் புள்ளிகள்

பயணம் எப்படி இருந்தது என்று மட்டும் எழுதினால் போதும் என்கிறாள் திருச்சியில் இருக்கும் என் தங்கை. உயர்தர வகுப்புக்கு இருபத்தொன்பது ஆண்டுகள் அரசியல் விஞ்ஞானம் படிப்பித்தவளுக்கு அந்தக் கட்டுப்பாடு ஒத்துவராது. இந்தக் கப்பல் ஓட வேண்டுமானால் கடல் அடங்கியிருக்க வேண்டும். கொழும்பும் புதுடெல்லியும்கூட அடங்கியிருக்க வேண்டும். ஆகவே இருக்கைக்கும் தேநீருக்கும் புள்ளி போடும்போது ஜனாதிபதிக்கும் சேர்த்தே போட்டுவிடுகிறேன்.

நான் போனது 2025 மார்ச் மூன்றாம் வாரம், திரும்பியது மாதக் கடைசி. அனுர குமார திசாநாயக்க ஜனாதிபதியாகப் பதவியேற்று அப்போது ஆறு மாதம்.

குறையை முதலில் சொல்லிவிடுகிறேன். அது கப்பலின் குறையன்று, டிக்கெட் எடுத்துத் தந்த முகவரின் குறை. கடவுச்சீட்டு இலக்கத்தை நான் ஒவ்வோர் எண்ணாகச் சொல்லியும், கடைசி இரண்டு எண்களை இடம் மாற்றி அடித்திருந்தார். முதல்நாள் இரவு பையை அடுக்கி முடித்துக் கண்ணாடியைப் போட்டுப் பார்த்தபோதுதான் தெரிந்தது. தொலைபேசியில் கேட்டால், "அம்மா, துறைமுகத்தில் சொன்னால் திருத்துவார்கள்" என்கிறார். பிழையைச் செய்தவரே திருத்த வேண்டும் என்று விடிகாலையில் அவரை எழுப்பித் திருத்த வைத்தேன். முகவர் வழியாகப் போகிறவர்கள் டிக்கெட்டைக் கையில் வாங்கிய இடத்திலேயே நின்று எழுத்தெழுத்தாக வாசியுங்கள்.

கட்டணத்தை எழுதப்போவதில்லை, நீங்கள் வாசிக்கும்போது அது மாறியிருக்கும். 2023இல் தொடக்க நாள் சலுகையில் இந்தியப் பணம் ஏறக்குறைய 2,800 ரூபாயாக இருந்த டிக்கெட், சலுகை முடிந்ததும் வரியோடு 7,670 ஆனது. அடுத்த ஆண்டு வேறு கப்பல், வேறு விலை. பொதிக்கு எடைக் கணக்கு உண்டு, மிஞ்சினால் காசு. தங்கைக்கு ஒடியல் (காய்ந்த பனங்கிழங்கு), பனங்கட்டி, மிளகாய்த்தூள் என்று கட்டியவள் நான். பனங்கட்டியில் பாதியை வீட்டிலேயே விட்டுவிட்டுப் போக வேண்டியதாயிற்று.

இந்தச் சேவையின் பிறப்புக் கதையைத் தெரிந்துகொண்டு ஏறுவது நல்லது. 2023 ஒக்டோபர் 14ஆம் திகதி இந்தியப் பிரதமர் காணொளி வழியாகத் தொடக்கி வைத்தார். செரியபாணி என்ற கப்பல் வந்தது. ஆறாம் நாள், வடகீழ்ப் பருவக்காற்றைக் காரணம் காட்டி நிறுத்திவிட்டார்கள். பிறகு 2024 ஓகஸ்ட் 16ஆம் திகதி சிவகங்கை என்ற கப்பலோடு மறுபடி தொடங்கியது. அப்போது ஜனாதிபதி ரணில் விக்கிரமசிங்க. 2023 ஜூலையில் அவர் டெல்லி போனபோது இரு நாடுகளும் வெளியிட்ட ஆவணத்தில் இந்த வழித்தடம் எழுதப்பட்டிருந்தது.

ஓகஸ்ட் 16 என்றதும் எனக்கு இன்னொரு கப்பல் நினைவுக்கு வருகிறது. 2022இல் அதே திகதியில்தான் யுவான் வாங் 5 என்ற சீனக் கண்காணிப்புக் கப்பல் அம்பாந்தோட்டைக்கு வந்தது. இந்தியா வேண்டாம் என்றது, சீனா வரும் என்றது, இடையில் நின்றவரும் அதே ரணில்தான். ஒரே ஜனாதிபதி, ஒரே திகதி, இரண்டு துறைமுகம், இரண்டு கப்பல். பரீட்சைக்கு வினா எடுக்கிற காலத்தில் இது கிடைத்திருந்தால் இருபது புள்ளிக் கேள்வி ஒன்று வைத்திருப்பேன்.

2024 செப்டெம்பரில் ஆட்சி மாறியது. நவம்பரில் மழைக்காலத்துக்காகக் கப்பல் நின்றது. இனி இது வராது என்று பக்கத்து வீட்டுக்காரரோடு ஆயிரம் ரூபாய் பந்தயம் கட்டினேன். எனக்குக் காரணம் இருந்தது. புதியவரின் கட்சியான மக்கள் விடுதலை முன்னணி, 1960களின் கடைசியில் தன் தோழர்களுக்கு எடுத்த ஐந்து வகுப்புகளில் ஒன்றின் தலைப்பே இந்திய விஸ்தரிப்புவாதம். 1987 இலங்கை – இந்திய ஒப்பந்தத்தை எதிர்த்து அவர்கள் ஆயுதம் தூக்கிய காலத்தில், தெற்கில் இந்தியப் பொருள் விற்கக் கூடாது என்று கட்டளை போட்டார்கள். பம்பாய் வெங்காயம் விற்பதற்குக் கடைக்காரர் பயந்த காலம் அது. (அதே காலத்தில் எங்கள் பக்கம் இந்தியப் படையே வந்து நின்றது. அது வேறு கதை, இந்தக் கட்டுரைக்குள் அடங்காது.) வடக்கையும் கிழக்கையும் இணைத்தது செல்லாது என்று 2006இல் உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்ததும் இந்தக் கட்சிக்காரர் போட்ட வழக்கில்தான். இப்படிப்பட்டவர்கள் எனக்கு நாகப்பட்டினத்துக்குக் கப்பல் விடுவார்களா என்று நினைத்தேன்.

2025 பெப்ரவரி 22ஆம் திகதி கப்பல் வந்துவிட்டது. ஆயிரம் ரூபாயைக் கொடுத்துவிட்டு, அந்த எரிச்சலிலேயே டிக்கெட்டுக்குச் சொல்லி வைத்தேன்.

துறைமுகம் சிறியது, வரிசையும் சிறியது. குடிவரவு மேசையில் இருந்த இளைஞர் சிங்களவர், நல்ல தமிழில் "எங்கே போகிறீர்கள், அம்மா?" என்று கேட்டார். இந்தக் கப்பல் வேறு எங்கே போகும் என்று நாக்கு நுனி வரை வந்தது, அடக்கிக்கொண்டேன். சுங்கத்தில் ஒடியல் பொட்டலத்தைத் திறந்து முகர்ந்து பார்த்துவிட்டு அவசரமாக மூடினார்கள். ஒடியலைத் தெரியாத மூக்குக்கு அது ஒரு சோதனைதான். அப்போது பலாலி விமான நிலையத்திலிருந்து சென்னைக்கு விமானமும் இருந்தது, நேரமும் குறைவு. ஆனால் திருச்சிக்குப் போகிறவளுக்குச் சென்னை சுற்று வழி. நாகையில் இறங்கினால் தஞ்சாவூர் வழியாக பஸ்ஸிலேயே போய்விடலாம்.

கப்பலில் ஏறக்குறைய 150 பேருக்கு இடம். தூரம் 60 கடல் மைல் அளவு, நேரம் நான்கு மணி. முதல் ஒரு மணி நேரம் கரை தெரியும் பக்கமாக உட்கார்ந்து, காங்கேசன்துறை வெளிச்சவீடும் பழைய சீமெந்துத் தொழிற்சாலையும் சிறுத்துப் போவதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். பிறகு கப்பல் ஆடத் தொடங்கியது. மார்ச் மாதக் கடல் நல்ல பிள்ளை என்றார்கள்; நல்ல பிள்ளையும் சில நேரம் குறும்பு செய்யும். நடுவில் இருக்கிற இருக்கையைக் கேட்டு வாங்குங்கள், முன்பக்கம் கூடுதலாகத் தூக்கிப் போடுகிறது. தேசிக்காய் (எலுமிச்சை) ஒன்றைக் கைப்பையில் வைத்திருங்கள்.

என் தங்கை 1990இல் இந்தக் கடலை வேறு வழியில் கடந்தாள். பேசாலைப் பக்கமிருந்து இரவில், இருபத்துச் சொச்சம் பேரோடு ஒரு வள்ளத்தில், கையில் ஒரு பையோடு மண்டபத்துக்குப் போய்ச் சேர்ந்தாள். அவளுக்கு அன்று டிக்கெட்டும் இல்லை, தேசிக்காயும் இல்லை. குளிரூட்டிய அறையில் உட்கார்ந்து நான் வாந்தி வருமோ என்று கவலைப்பட்டபோது கொஞ்சம் வெட்கமாகத்தான் இருந்தது.

பக்கத்து இருக்கையில் நாகை அக்கரைப்பேட்டைக்காரர் ஒருவர், எழுபது வயதிருக்கும். நல்லூரும் நகுலேஸ்வரமும் பார்த்துவிட்டுத் திரும்புகிறார். மீன்பிடிக் குடும்பம்.

"அக்கா, இதே தண்ணீரில் என் மகன் வந்தால் பிடித்து உள்ளே போடுகிறார்கள். நான் டிக்கெட் எடுத்து வந்தால் வணக்கம் சொல்கிறார்கள்" என்றார்.

"ஐயா, நீங்கள் துணிப்பையோடு வந்தீர்கள். உங்கள் மகன் இழுவைமடியோடு வருகிறார்" என்றேன். கடலடியை வாரி அள்ளும் வலை அது.

சிறிது நேரம் பேசவில்லை. பிறகு சிரித்தார், முறுக்குப் பொட்டலத்தைப் பிரித்து நீட்டினார். "புது அதிபர் உழைப்பாளிகளின் கட்சி என்றார்களே. மீனவன் வயிறு அவருக்குத் தெரியும் என்று நினைத்தோம்" என்றார்.

"தெரியும். எங்கள் மயிலிட்டி மீனவனின் வயிறு முதலில் தெரியும்" என்றேன்.

முறுக்குக்காக நான் அவரோடு விவாதத்தை அங்கேயே நிறுத்திக்கொண்டேன். ஆனால் இங்கே விரித்துச் சொல்ல வேண்டும், ஏனென்றால் புதிய ஜனாதிபதி ஒருவர் அயல்நாட்டோடு எப்படி நடக்கிறார் என்பதன் சூட்சுமம் இதில்தான் இருக்கிறது. 2024 நவம்பர் பொதுத் தேர்தலில் திசாநாயக்கவின் கூட்டணி 225இல் 159 ஆசனங்களைப் பிடித்தது. அதில் யாழ்ப்பாணத் தேர்தல் மாவட்டத்தின் ஆறில் மூன்றும் அடக்கம். தெற்கிலிருந்து வந்த கட்சியொன்றை எங்கள் மாவட்டம் இப்படித் தூக்கி வைத்ததை நான் அதற்கு முன் பார்த்ததில்லை. முன்பு கொழும்பில் இருந்தவர்களுக்கு எங்கள் மீனவரின் அறுந்த வலை டெல்லியோடு பேரம் பேசும்போது கிடப்பில் போடக்கூடிய கோப்பு. இவருக்கு அது வாக்கு. அடிமடி இழுவையை 2017இலேயே சட்டம் தடை செய்துவிட்டது. ஆகவே கடலில் இவர் இளகமாட்டார் என்று அன்றே கணித்தேன். 2025 ஜனவரி கடைசியில் நெடுந்தீவுக்குப் பக்கத்தில் கடற்படை சுட்டு இந்திய மீனவர் காயம்பட்டார்கள், டெல்லி எங்கள் பதில் தூதுவரைக் கூப்பிட்டுக் கண்டித்தது. கப்பல் மறுபடி வந்தது அதற்கு ஒரு மாதம்கூட ஆகுமுன். சண்டை ஒரு பக்கம், டிக்கெட் ஒரு பக்கம்.

முதல் வெளிநாட்டுப் பயணம் எங்கே என்பதை வைத்துப் பத்திரிகைகள் சோதிடம் பார்க்கின்றன. திசாநாயக்க 2024 டிசம்பர் நடுவில் முதலில் டெல்லி போனார், ஜனவரியில் பீஜிங். இந்தியாவின் பக்கம் சாய்ந்துவிட்டார் என்று எழுதினார்கள். 2019இல் கோட்டாபய ராஜபக்சவும் பதவியேற்ற பத்துப் பன்னிரண்டு நாளில் முதலில் டெல்லிக்குத்தான் போனார். 2021 பெப்ரவரியில் கொழும்புத் துறைமுகத்தின் கிழக்கு முனையத்தை இந்தியாவுக்குக் கொடுப்பதில்லை என்று கைவிரித்துவிட்டார். மாலைதீவின் ஜனாதிபதி முய்சு நேரெதிர். இந்தியப் படையினர் வெளியேற வேண்டும் என்று பிரசாரம் செய்து 2023இல் வென்று, முதலில் துருக்கிக்கும் பிறகு சீனாவுக்கும் போனவர், 2024 ஒக்டோபரில் டெல்லியில் நாணயப் பரிமாற்ற உடன்படிக்கையில் கையெழுத்திட்டார். முதல் பயணம் கடையின் பெயர்ப்பலகை. உள்ளே என்ன விற்கிறார்கள் என்று பார்க்கச் சில மாதம் போக வேண்டும்.

எங்கள் 1978 அரசியல் யாப்பின் 33ஆம் உறுப்புரை தூதுவர்களை ஏற்பதையும் அனுப்புவதையும் ஜனாதிபதியின் கையில் கொடுக்கிறது. மாணவர்கள் அதை மனப்பாடம் செய்துவிட்டு, ஜனாதிபதி நினைத்தால் எதையும் மாற்றலாம் என்று எழுதுவார்கள். பாதிப் புள்ளிதான் கொடுப்பேன். மேசையில் ஏற்கெனவே கிடக்கும் கோப்புகளில் எதை மேலே எடுத்து வைப்பது, எதைக் கீழே தள்ளுவது என்பதில்தான் அவருடைய கை தெரியும். 2022இல் எரிபொருளுக்கு வரிசையில் நின்றபோது ஏறக்குறைய 400 கோடி டொலர் தந்தது இந்தியா. அந்தக் கடனை எந்த வகுப்பில் படித்தவரும் மறக்க முடியாது. காங்கேசன்துறையைத் திருத்த இந்தியா 6 கோடி டொலருக்கு மேல் கொடையாகத் தர ஒத்துக்கொண்டது ரணில் காலத்துப் பேச்சு. டிசம்பர் கூட்டறிக்கையில் அது அப்படியே இருக்கிறது. அடுத்ததாக இராமேஸ்வரம் – தலைமன்னார் கப்பலையும் விரைவில் தொடங்க வேண்டும் என்று சேர்த்திருக்கிறார்கள். இலங்கை மண்ணை இந்தியாவின் பாதுகாப்புக்குக் கேடாகப் பயன்படுத்த விடமாட்டோம் என்ற வாக்குறுதியும் கொடுத்தார். விஸ்தரிப்புவாத வகுப்பெடுத்த கட்சியின் தலைவர் இதைச் சொன்னதற்கு நான் புள்ளி போடாமல் இருக்க முடியாது.

கழித்த புள்ளியும் உண்டு. மாகாண சபைகளுக்கு அதிகாரம் கொடுக்கும் 13ஆவது திருத்தம் என்ற சொல்லே அந்தக் கூட்டறிக்கையில் இல்லை. அரசியலமைப்பை முழுமையாக நிறைவேற்றுவார்கள், மாகாண சபைத் தேர்தலை நடத்துவார்கள் என்று நம்புவதாக மோடி பேசினார். திசாநாயக்க அந்தப் பக்கம் திரும்பவில்லை. வட மாகாண சபையின் காலம் முடிந்தது 2018 ஒக்டோபரில். கப்பல் எத்தனை மாதம் நின்றது என்று எல்லோரும் எண்ணுகிறார்கள், இதை எண்ணுவார் இல்லை. அயல்நாட்டோடு பேசும்போது வீட்டுக்குள் தீர்க்க வேண்டியதை அழகாக மறந்துவிடுவதும் ஒரு கொள்கைதான். அதில் எந்தப் புதிய ஜனாதிபதியும் பழையவரிடமிருந்து விலகியதை நான் காணவில்லை.

பொழுது சாயும் நேரம் நாகை வெளிச்சவீடு தெரிந்தது. கப்பல் கடுவையாற்று முகத்துக்குள் மெதுவாக நுழைந்தது. ஆயிரம் ஆண்டுக்கு முன்பு ஸ்ரீவிஜய அரசன் இந்த ஊரில் ஒரு பௌத்த விகாரை கட்ட, இராஜராஜ சோழன் அதற்கு ஆனைமங்கலம் ஊரையே கொடுத்தான். கொஞ்ச காலத்தில் அவனுடைய மகன் அதே ஸ்ரீவிஜயத்தின்மீது படையெடுத்தான். அரியணையில் ஆள் மாறினால் கடலின் குணமும் மாறும் என்பதற்கு நாகைக்கு வெளியே உதாரணம் தேட வேண்டியதில்லை.

தங்கை திருச்சியிலிருந்து வந்து வாசலில் நின்றாள். பனங்கட்டி குறைவு என்பதைப் பையைத் தூக்கியதுமே கண்டுபிடித்துவிட்டாள்.

நான் வீடு திரும்பிய சில நாளில், ஏப்ரல் 4ஆம் திகதி, மோடி கொழும்புக்கு வந்தார். பாதுகாப்பு ஒத்துழைப்புக்கு ஓர் உடன்படிக்கை கையெழுத்தாயிற்று. அதன் உள்ளடக்கத்தை எங்களுக்குக் காட்டவில்லை. 1987 ஒப்பந்தத்தைத் திருட்டுத்தனமாகச் செய்தார்கள் என்று முழங்கியவர்களே இதைச் செய்ததுதான் எனக்குக் கசப்பு. வடக்கே வரும் ரயில் பாதையில் மாகோ – ஓமந்தைப் பகுதியைப் புதுப்பித்ததற்கு மட்டும் அந்தப் பயணத்துக்கு நன்றி சொல்லலாம். அந்த வழியில் போகும் என் முதுகு சாட்சி.

2025 செப்டெம்பர் முதலாம் திகதி திசாநாயக்க கச்சதீவுக்குப் படகில் போய் இறங்கினார். பதவியில் இருக்கும் ஜனாதிபதி ஒருவர் அங்கே கால் வைத்தது அதுவே முதல் தடவை. அப்போது தமிழ்நாட்டில் தேர்தல் நெருங்கிக்கொண்டிருந்தது, அங்கே கச்சதீவைக் கேட்டார்கள், இங்கே இவர் போய் நின்று காட்டினார். படத்துக்கு நல்லது. எனக்கு அந்த நாளில் பிடித்தது வேறு. காலையில் மயிலிட்டித் துறைமுக வேலையைத் தொடங்கிவைத்த கையோடு, யாழ்ப்பாணக் கச்சேரியில் (மாவட்டச் செயலகத்தில்) கடவுச்சீட்டு அலுவலகம் ஒன்றையும் திறந்தார். போன முறை கடவுச்சீட்டுக்காக நான் விடியற்காலை பஸ்ஸில் வவுனியாவுக்குப் போனவள். இந்தியாவோடு உறவு நன்றாக இருக்கிறது என்று ஆயிரம் அறிக்கை விட்டாலும், கையில் புத்தகம் இல்லாதவன் கப்பலில் ஏற முடியாது.

புள்ளிகளைக் கேட்கிறீர்கள். கப்பலுக்குப் பத்தில் ஏழு. இரண்டைக் கழித்தது மழைக்காலத்துக்காக. ஆண்டில் சில மாதம் கதவைச் சாத்தும் கடையை முழுநேரக் கடை என்று எண்ண முடியாது. ஒன்று பனங்கட்டிக்கு. முகவருக்குப் பூச்சியம். ஜனாதிபதிக்கு அயல் உறவில் ஆறு: கப்பலைத் தொடரவிட்டதற்கு மூன்று, கடவுச்சீட்டு அலுவலகத்துக்கு இரண்டு, கடலில் எங்கள் ஆட்கள் பக்கம் நின்றதற்கு ஒன்று. மாகாண சபைத் தேர்தல் நடக்கிற நாளில் மீள்திருத்தத்துக்கு விண்ணப்பிக்கலாம்.

நேற்றிரவும் தங்கை பேசினாள். "அக்கா, ஐப்பசிக்கு முன்பு ஒருமுறை வந்துவிட்டுப் போ, பிறகு கப்பல் நின்றுவிடும்" என்கிறாள். தராசு ஒன்று வாங்கி வந்து, ஒடியலையும் பனங்கட்டியையும் தனித்தனியாக நிறுத்துக்கொண்டிருக்கிறேன்.